கைப்பட்டை

எண்ணூர் நெடுஞ்சாலையில்
கன்டெய்னர் யார்டுக்குப் பின்னால்
ஒரு பழைய உரக்கிடங்கு.
வாசலில் பட்டை கட்டுகிற பையன்
என் முகத்தில் டார்ச் அடித்துச்
சட்டென்று தாழ்த்தினான்.
"யாரைத் தேடுறீங்க ஆன்ட்டி? பையனா, பொண்ணா?"

டிக்கெட்டைக் காட்டினேன்.
வெட்கத்தில் அவன்
கொஞ்சம் இறுக்கிக் கட்டிவிட்டான்.
இரவு முழுக்க அறுத்தது.

நாற்பத்தொன்பது.
ஜீன்ஸுக்குள் இடது முழங்காலில் நீகேப்,
காதில் பஞ்சு,
பத்து மணி மாத்திரையை
ஒன்பதரைக்கே விழுங்கியாயிற்று.

நாங்கள் ஏழு பேர் இருந்தோம்.
பெரம்பூரில் ரயில்வேக்காரர்களின் ஹால்,
மரத்தரையில் டால்கம் பவுடர் தூவி
டிசம்பர் முப்பத்தொன்று என்னைச்
சுழற்றிவிடுவான் டெஸ்மண்ட்.
பிறகு காலடிப்பேட்டை மொட்டைமாடி.
சவுண்ட் சர்வீஸ் ஏகா
எட்டு பாக்ஸை வட்டமாக நிறுத்தி
விடியும்வரை ஏற்றிக்கொண்டே போவான்.
ட்ரான்ஸ் என்று பெயர் தெரியாமலே ஆடினோம்.
கீழ்வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரைப் போட்டுப்
பழிவாங்குவார்.
அதற்கும் ஆடினோம்.

டெஸ்மண்ட் பெர்த்தில், பேரன் படம் அனுப்புகிறான்.
ஏகா செட்டை விற்று ஆட்டோ வாங்கினான்.
ஒரு காது போய்விட்டது;
இடப்பக்கம் குனிந்து வழி சொல்லும் சவாரிகளோடு
தினமும் சண்டை.
குமுதா ஸ்டான்லியில் பதினேழு நாள்,
கல்லீரல், அவ்வளவுதான்.
ரூபன் சபையில் சேர்ந்துவிட்டான்.
ஆட்டம் பாவம் என்கிறான்.
ஒரு ஞாயிறு, கொடுங்கையூர் தகரக் கொட்டகையில்
டிரம்ஸ் அதிர
அவன் கண்மூடிக் குதிப்பதை
ஜன்னல் வழியே பார்த்தேன்.
அதே குதி.
இடது தோள் அதே மாதிரி முந்துகிறது.
ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.
மற்ற இருவருக்கும்
பெயர் வந்தால் முகம் வருவதில்லை.

உள்ளே பேஸ், கூரையை உலுக்கியது.
எந்தக் காலத்து யூரியாவோ
தூசாக வெளிச்சத்தில் இறங்க,
பிள்ளைகள் அதை எஃபெக்ட் என்று நினைத்துக்
கை தூக்கினார்கள்.
நானும் தூக்கினேன்.

இப்போது குதிகாலை எடுப்பதில்லை.
எல்லாம் இடுப்புக்கு மேலேதான்.
அடி எல்லாவற்றையும் வாங்க வேண்டாம்,
நாலில் ஒன்றை வாங்கினால் போதும்
என்று தெரிவதற்கு
இருபத்தைந்து வருடமும் ஒரு முழங்காலும் ஆகிறது.

பச்சை முடிக்காரி ஒருத்தி செல்ஃபி கேட்டாள்.
"நீங்க வேற லெவல் ஆன்ட்டி."
எந்த லெவல் என்று கேட்கவில்லை.
இரண்டு மணி, மூன்று மணி,
யாராவது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.
நாலு மணிக்கு விளக்குகளைக் குறைத்ததும்தான்
காணாமல் போனேன்.
அதற்குத்தான் வருவது.
கிறிஸ்டெல்லா இல்லை,
ஹார்பர் கிளியரிங் ஆபீஸ் இல்லை,
திங்கட்கிழமை முத்திரை குத்த வேண்டிய
எழுபது தாள் இல்லை.
எலும்புக்குள் ஒரு டிரெய்லர்
போய்க்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

ஐந்தே காலுக்குக் காசிமேடு.
ஐஸ் உடைக்கிற சத்தம் பஞ்சுக்கு அப்பாலிருந்து.
அரை கிலோ சங்கரா நிறுத்துக்கொண்டே
நவமணி என் கையைப் பார்த்தாள்.
"இன்னாக்கா, ஆஸ்பத்திரி பட்டையா? யாருக்கு இன்னா?"
"யாருக்கும் ஒண்ணுமில்ல. டான்ஸு."
"யாரு, நீயா?"
சிரித்தாளா என்று தெரியவில்லை.
கன்னத்தில் ஒட்டியிருந்த ஜிகினாவைச்
செதில் என்று நினைத்து
ஈரக் கட்டைவிரலால் தேய்த்தாள்.
போகவில்லை.
மீன் அறுத்த கத்தியை அப்படியே
பட்டைக்கடியில் நுழைத்து ஒரு இழு.
மணிக்கட்டில் சிவப்பாய் ஒரு வட்டம்,
கொஞ்சம் மீன் ரத்தம்.

ஏலக்காரன் கத்த ஆரம்பித்தான்.
எண்ணூறு, எண்ணூறு, எண்ணூறு,
தொள்ளாயிரம்.
சேற்றில், செருப்புக்குள்
வலது கால்
தொள்ளாயிரத்தை மட்டும் வாங்கிக்கொண்டது.